குலதெய்வம் தெரியாத வடஆர்க்காட்டுக் குடும்பங்களுக்கு: தேடத் தொடங்குவதிலிருந்து முதல் பொங்கல் வரை

குழந்தைக்கு முதல் மொட்டை எங்கே என்ற கேள்வி வரும்போதுதான் பல வீடுகளில் இந்தத் தேடல் தொடங்குகிறது. தாத்தா காலத்தில் கோலார் தங்கவயலுக்கோ, பெங்களூருக்கோ, இராணிப்பேட்டை தோல் பதனிடும் வேலைக்கோ வந்து அப்படியே தங்கிவிட்ட குடும்பமாக இருக்கும். அப்பாவுக்கு ஊர்ப் பெயர் அரைகுறையாகத் தெரியும். சாமி பெயர் "ஏதோ ஒரு முனி", "ஏரிக்கரை அம்மன்" என்ற அளவில் நிற்கும். எங்கள் குடும்பமும் அப்படித்தான் இருந்தது. நிறைய அலைந்த பிறகே எங்கள் சாமியின் முன்னால் போய் நின்றோம். அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம் என்பதற்காக இதை எழுதுகிறேன்.

ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன். முதலில் வீட்டுக் காகிதங்களும் வீட்டு மனிதர்களும், அப்புறம் அலுவலகக் காகிதங்கள், அப்புறம் ஊர், கடைசியில்தான் கல். இந்த வரிசையை மாற்றாதீர்கள். பலர் நேராக ஜோசியரிடமோ ஏடு பார்ப்பவரிடமோ போகிறார்கள். "உங்கள் ஊருக்குக் கிழக்கே நீர்நிலை, பக்கத்தில் வேப்பமரம், பெண் தெய்வம்" என்று அவர் சொல்வார். பாலாற்றங்கரையில் எந்த ஊரில் ஏரி இல்லை, எந்த ஏரிக்கரையில் அம்மன் இல்லை? எங்கள் உறவில் ஒரு வீட்டில் இதற்கென்று பெரிய தொகையை முன்பணமாகக் கொடுத்துவிட்டு, ஒன்றும் கிடைக்காமல் திரும்பி வந்தார்கள். கீழே உள்ள வேலைகளில் பாதிக்குச் செலவே கிடையாது.

1. வீட்டில் இருக்கும் காகிதங்களை ஒரே இடத்தில் சேருங்கள்

பரண், இரும்புப் பெட்டி, பீரோவின் அடித்தட்டு எல்லாவற்றையும் பாருங்கள். தேட வேண்டியவை இவை:

- பழைய கல்யாணப் பத்திரிகைகள். உங்கள் வீட்டுடையது மட்டும் போதாது; பெரியப்பா, சித்தப்பா, தாத்தாவின் தம்பி வீட்டுப் பத்திரிகைகளையும் கேட்டு வாங்குங்கள். உச்சியில் "துணை" என்று முடியும் வரி இருக்கும். அச்சகத்தார் வழக்கமாகப் போடும் பிள்ளையார், முருகன் வரியை விட்டுவிடுங்கள். அதற்கு அடுத்து, அதிகம் கேள்விப்படாத ஒரு அம்மன் பெயரோ ஐயனார் பெயரோ இருந்தால் அதுதான் உங்களுக்கு வேண்டிய வரி.
- கருமகாரியப் பத்திரிகைகள். பங்காளிகளின் பெயர்கள் ஊரோடு இருக்கும்.
- மொய் நோட்டுகள். இவற்றைப் பலர் எடைக்குப் போட்டுவிடுகிறார்கள். தாத்தா காலத்து மொய் நோட்டு ஒன்று கிடைத்தால், எந்தெந்த ஊரிலிருந்து யார் யார் வந்தார்கள் என்ற பட்டியலே கையில் கிடைத்த மாதிரி.
- கையால் எழுதிய ஜாதகங்கள். தொடக்கத்திலேயே சாமி பெயர் எழுதும் வழக்கம் உண்டு.
- பத்திரங்கள், அடமானச் சீட்டு, பழைய ரேஷன் கார்டு, பள்ளி மாற்றுச் சான்றிதழ். இவற்றில் சாமி பெயர் இருக்காது. தகப்பனார் பெயரும் கிராமமும் இருக்கும். 4-ஆம் படியில் அவை தேவைப்படும்.

அப்புறம், குடும்பத்தில் மூன்று நான்கு தலைமுறைப் பெயர்களை எழுதிப் பாருங்கள். வேடியப்பன், மன்னார், பச்சையப்பன், பச்சையம்மாள், எல்லப்பன், பொன்னியம்மாள், கெங்கம்மாள், அங்கம்மாள், பாவாடை, முனுசாமி, துரௌபதி, தருமன். இந்தப் பெயர்கள் பெரும்பாலும் சாமியிடமிருந்து வந்தவை. ஒரே பெயர் தலைமுறை விட்டுத் தலைமுறை திரும்பி வந்தால் அதைக் கோடிட்டு வையுங்கள். ஒரே ஒருமுறை வந்த பெயரை மட்டும் நம்பிக் கிளம்ப வேண்டாம். வேண்டுதலுக்காக வேறொரு சாமியின் பெயரைப் பிள்ளைக்கு வைப்பதும் வழக்கம்தான்.

2. அத்தைகளிடம் பேசுங்கள், ஆயாக்களிடம் பேசுங்கள்

ஆண்களை விடப் பெண்களிடம்தான் அதிகம் கிடைக்கும். பொங்கல் பானையை இறக்கியது அவர்கள்தான். அதிலும் உங்கள் குடும்பத்தில் பிறந்து வேறு ஊருக்கு வாழ்க்கைப்பட்டுப் போன அத்தைகள் முக்கியம். பிறந்த வீட்டு விஷயத்தை அவர்கள் இறுகப் பிடித்து வைத்திருப்பார்கள். அம்மா, ஆயா சொல்வதைக் கேட்கும்போது மட்டும் கவனம் தேவை. அவர்கள் சிறுவயதில் கும்பிட்டது அவர்களுடைய பிறந்த வீட்டுச் சாமியை. கல்யாணத்துக்குப் பின் கும்பிட்டது உங்கள் சாமியை. இரண்டும் பேச்சில் கலந்துவிடும். "இது நீங்க கல்யாணமாகி வந்தப்புறமா, அதுக்கு முன்னாடியா?" என்று ஒவ்வொரு தடவையும் கேளுங்கள். வீட்டோடு மாப்பிள்ளையாகவோ தத்துப் பிள்ளையாகவோ வந்தவர் பரம்பரையில் உண்டா என்பதையும் கேட்டுவிடுங்கள். இருந்தால் தேடும் ஊரே மாறிவிடும்.

"நம்ம குலதெய்வம் யாரு?" என்று நேராகக் கேட்டால் "தெரியலையேப்பா" என்ற பதிலோடு பேச்சு முடிந்துவிடும். கேள்வியைச் சின்னதாக்குங்கள். யார் யாருக்கு எங்கே மொட்டை போட்டீர்கள்? மாட்டு வண்டியிலா, ரயிலிலா, எந்த ஸ்டேஷனில் இறங்கினீர்கள்? ஆறு தாண்டினீர்களா, மலை தெரிந்ததா? படையலில் கருவாடு உண்டா, கிடா வெட்டினார்களா, சைவம் மட்டுமா? சாமிக்குச் சேலை சாத்தினார்களா, வேட்டியா? குதிரை பொம்மைகள் இருந்தனவா? பம்பைக்காரர் வந்து வர்ணித்தாரா, அதில் எந்தப் பெயர் திரும்பத் திரும்ப வந்தது? வீட்டில் எதைச் சாப்பிடக்கூடாது, எந்தக் கிழமையில் கறி கூடாது என்றார்கள்?

ஒப்புதல் கேட்டுவிட்டு போனில் பதிவு செய்யுங்கள். ஒரே ஆளிடம் சில வாரம் கழித்து மறுபடி பேசுங்கள். முதல் பேச்சில் மறந்தது இரண்டாவதில் வரும். காகிதங்கள் காத்திருக்கும், எண்பது வயது அத்தை காத்திருக்க மாட்டார். இந்தப் படியை மட்டும் தள்ளிப் போடாதீர்கள்.

3. பழைய ஊர்ப் பெயரை இன்றைய வரைபடத்தில் வையுங்கள்

"வடஆர்க்காடு ஜில்லா" என்று பத்திரத்தில் பார்த்ததும் வேலூரில் போய் நிற்காதீர்கள். அந்த ஜில்லா இன்று பல துண்டுகளாகக் கிடக்கிறது. 1911-இல் சித்தூர் தனி ஜில்லாவாகப் பிரிந்தது. அதற்கு முந்தைய பத்திரமென்றால் உங்கள் ஊர் இன்று ஆந்திரத்தில் இருக்கலாம். திருத்தணிப் பகுதி 1960-இல் தமிழகத்துக்குத் திரும்பி, இப்போது திருவள்ளூர் மாவட்டத்தில் இருக்கிறது. திருப்பத்தூர்ப் பக்கம் 1911 வரை சேலம் ஜில்லா. 1989-இல் ஆரணி, போளூர், செய்யாறு, வந்தவாசி, செங்கம் எல்லாம் திருவண்ணாமலையோடு போயின. 2019-இல் மிச்சமிருந்த வேலூர் மாவட்டம் மூன்றானது: குடியாத்தம், காட்பாடி, அணைக்கட்டு, பேரணாம்பட்டு வேலூரில், ஆற்காடு, வாலாஜா, அரக்கோணம், சோளிங்கர், கலவை இராணிப்பேட்டையில், ஆம்பூர், வாணியம்பாடி, நாட்றம்பள்ளி திருப்பத்தூரில்.

ஊர்ப் பெயரிலும் ஒரு சிக்கல் உண்டு. மோட்டூர், புதூர், கொல்லைமேடு போன்ற பெயர்கள் இந்தப் பக்கம் எத்தனையோ இருக்கின்றன. பக்கத்து ஊர்ப் பெயர் ஒன்றாவது கூடத் தெரியாமல் கிளம்பாதீர்கள். பத்திரத்தில் நான்கெல்லை எழுதியிருக்கும் இடத்தைப் படியுங்கள். ஏரி, கால்வாய், பக்கத்துக் கிராமம் எல்லாம் அங்கே இருக்கும்.

4. அலுவலகக் காகிதங்கள்: எது உதவும், எது உதவாது

எந்த அலுவலகத்திலும் "குலதெய்வச் சான்று" என்று ஒன்று கிடையாது. நீங்கள் தேடுவது உங்கள் முன்னோருக்கு நிலம் இருந்த கிராமத்தையும், அந்தக் கிராமத்தில் எந்தெந்தச் சாமிக்கு இடம் பதிவாகியிருக்கிறது என்பதையும்.

வில்லங்கச் சான்று (ஒரு நிலத்தின் மேல் பதிவான பத்திரங்களின் பட்டியல்): சர்வே எண் கையில் இருந்தால் பதிவுத்துறை இணையதளத்தில் கட்டணமில்லாமல் பார்க்கலாம். பெரும்பாலான அலுவலகங்களுக்கு 1975-க்குப் பிந்தைய பதிவுகள்தான் கணினியில் உண்டு. அதற்கு முந்தையது வேண்டுமானால் சார்பதிவாளர் அலுவலகத்தில் விண்ணப்பம் கொடுத்து, தேடும் ஆண்டுகளுக்கேற்பக் கட்டணம் கட்ட வேண்டும். சர்வே எண் இல்லையா? 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டப்படி ஆட்களின் பெயர் வரிசையில் ஓர் அட்டவணையும், சொத்து வரிசையில் இன்னொன்றும் அங்கே வைத்திருக்க வேண்டும். பெயர் அட்டவணையில் தாத்தா பெயரையும் அவர் தகப்பனார் பெயரையும் வைத்துத் தேடச் சொல்லுங்கள். உங்கள் கிராமம் இடையில் வேறு சார்பதிவாளர் அலுவலகத்துக்கு மாறியிருக்கக்கூடும். பழைய புத்தகம் எந்த அலுவலகத்தில் இருக்கிறது என்பதை முதலிலேயே கேட்டுக்கொண்டால் ஒரு நாள் மிச்சம்.

அ-பதிவேடு (கிராமத்து நிலங்களைச் சர்வே எண் வாரியாகச் சொல்லும் பதிவேடு): வருவாய்த்துறை இணையதளத்தில் கிராமமும் சர்வே எண்ணும் கொடுத்தால் இலவசமாகக் கிடைக்கும். புறம்போக்கு எண்களில் குறிப்புக் கட்டத்தைப் பாருங்கள். "கோயில்" என்றோ, சில இடங்களில் சாமி பெயரோடோ எழுதியிருக்கும். கிராம நிர்வாக அலுவலரிடம் உள்ள கிராம வரைபடத்திலும் கோயில்களுக்குக் குறியீடு உண்டு. 1979-இல் தொடங்கிய நில உடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டத்துக்குப் பிறகு உட்பிரிவு எண்கள் நிறைய மாறின. பழைய எண்ணைச் சொல்லி இன்றைய எண்ணைக் கேட்டு வாங்குங்கள். கேட்டது கிடைக்காவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய்க் கட்டணத்தோடு மனுப் போடலாம். 30 நாளில் பதில் தர வேண்டும்.

இனாம் பதிவேடு: 1858-இல் அமைந்த இனாம் கமிஷன் கிராமம் கிராமமாக மானிய நிலங்களைப் பதிந்தது. சிறு தெய்வங்களுக்கு விடப்பட்ட மானியமும், பூசை செய்தவர் பெயரும் அதில் வருவதுண்டு. சென்னை எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் கேட்க வேண்டும். அடையாள அட்டையும் விண்ணப்பக் கடிதமும் எடுத்துப் போங்கள். அன்றைக்கே கைக்கு வரும் என்று எதிர்பார்க்காதீர்கள். மற்ற வழிகள் அடைபட்ட பிறகு இதற்குப் போனால் போதும்.

அறநிலையத்துறைப் பட்டியலையும் ஒருமுறை பாருங்கள். ஆனால் பங்காளிகள் மட்டும் கும்பிடும் கொல்லைக் கோயில்கள் பெரும்பாலும் அதில் இருப்பதில்லை. பட்டியலில் இல்லை என்பதால் கோயிலே இல்லை என்று முடிவு கட்ட வேண்டாம்.

5. ஊருக்குப் போவது: எந்த நாள், யாரைப் பார்ப்பது

சாதாரண நாளில் போனால் பூட்டிய கம்பிக் கதவுதான் எதிரே நிற்கும். தென் மாவட்டங்களில் மகா சிவராத்திரியும் பங்குனி உத்திரமும் குலதெய்வக் கூட்டத்துக்குப் பேர்போனவை. நம் பக்கம் ஆடிதான். கூழ் வார்க்கும் ஞாயிறுகளிலும் ஆடி வெள்ளிகளிலும் வெளியூர்ப் பங்காளிகள் வந்திறங்குவார்கள். விசாரிக்க அதைவிட நல்ல நாள் கிடையாது. அங்காளம்மன் தொடர்பு தெரிந்தால் மாசி அமாவாசையில் மயானக் கொள்ளைக்குப் போங்கள். வேலூர்ப் பாலாற்றில் பல பகுதிகளின் தேர்கள் ஒன்றுகூடும். கெங்கையம்மன் என்றால் வைகாசி முதல் நாள் குடியாத்தம் சிரசுத் திருவிழா. சித்திரை, வைகாசி வெயில் நம் ஊரில் எப்படி என்று சொல்ல வேண்டியதில்லை. வயதானவர்களை அழைத்துப் போவதாக இருந்தால் காலை ஒன்பது மணிக்குள் வேலையை முடியுங்கள்.

ஊரில் இறங்கியதும் கோயிலைத் தேடாதீர்கள். டீக்கடையில் உட்கார்ந்து, தாத்தா பெயரையும் அவர் அப்பா பெயரையும் சொல்லி, "அந்த வகையறா இங்க யாராவது இருக்காங்களா?" என்று கேளுங்கள். அப்புறம் கிராமத்துச் சடங்குகளுக்கு வேலை செய்த குடும்பத்துப் பெரியவர்களைப் பாருங்கள்: பம்பை அடித்தவர், மண்குதிரையும் பானையும் செய்தவர், மொட்டை போட்டவர், துணி வெளுத்தவர். எந்த வகையறாவுக்கு எந்தச் சாமி என்பது அவர்களுக்குத் தெரிந்த அளவுக்கு அந்த வகையறாவுக்கே தெரியாது. அவர்களை மரியாதையோடு வீட்டுக்குப் போய்ப் பாருங்கள், தெருவில் நிறுத்திக் கேட்காதீர்கள். வெற்றிலை பாக்கு, பழத்தோடு போவது நம் வழக்கம்.

இரண்டு பொறிகள். ஒன்று, கிராம தேவதையைக் குலதெய்வமாக எடுத்துக்கொள்வது. பொன்னியம்மனும் மாரியம்மனும் ஊர் முழுமைக்கும் பொது. உங்கள் வகையறாவின் சாமி அதே கோயிலின் மூலையில் சின்னக் கல்லாக இருக்கலாம், இல்லை கொல்லையில் தனியாக இருக்கலாம். இன்னொன்று பிடிமண். ஊர் மாறியவர்கள் பழைய கோயிலிலிருந்து ஒரு பிடி மண் எடுத்துவந்து புது இடத்தில் சாமியை நிறுத்துவார்கள். நீங்கள் கண்டுபிடித்த கோயில் அப்படி வந்ததா என்று கேளுங்கள். ஆமாம் என்றால் மூலக் கோயில் இன்னோர் ஊரில் இருக்கிறது. தங்கவயலுக்குப் போன குடும்பங்கள் அங்கே நிறுத்திய கோயில்களிலிருந்து பின்னோக்கி விசாரித்து வருவதும் நல்ல வழி.

6. சாமியின் உருவத்தைப் படிப்பது

எனக்கு மிகவும் பிடித்த படி இது. அவசர முடிவுகள் அதிகம் நடப்பதும் இங்கேதான். சேலையும் சந்தனக் காப்பும் வெள்ளிக் கண்ணும் சாத்தியிருக்கும்போது எல்லாக் கல்லும் ஒரே அம்மனாகத்தான் தெரியும். அபிஷேக நேரத்துக்குப் போங்கள். உள்ளே இருக்கும் உருவம் அப்போதுதான் தெரியும். நீங்களாகத் துணியை விலக்காதீர்கள், பூசாரியிடம் கேளுங்கள். வெளியில் இருக்கும் தேய்ந்த கல்லென்றால் காலையிலோ மாலையிலோ சாய்வெயிலில் பாருங்கள். பக்கவாட்டில் டார்ச் பிடித்தாலும் கோடுகள் எழும்பித் தெரியும்.

தலை மட்டும் தரையிலிருந்து எழும்பியிருந்தால் ரேணுகை வழி வந்த அம்மனை நினையுங்கள். பரசுராமன் தந்தை ஜமதக்னியின் சொல்லுக்காகத் தாயின் தலையை வெட்டிய கதைதான் ரேணுகாம்பாளாகவும் எல்லையம்மனாகவும் கெங்கையம்மன் சிரசாகவும் இந்த மண்ணில் நிற்கிறது. படவேடு ரேணுகாம்பாள் எத்தனையோ குடும்பங்களுக்குக் குலதெய்வம். உங்கள் ஊர்க் கோயில் படவேட்டுப் பிடிமண்ணா என்று கேட்டுப் பாருங்கள்.

ஏழு கற்கள் வரிசையாக, நீர்நிலைக்கு அருகில் இருந்தால் கன்னிமார். உருவங்கள் செதுக்கியிருந்தால் இன்னும் உன்னிப்பாகப் பாருங்கள்: ஒன்றுக்குப் பன்றி முகம், ஒன்றுக்குப் பல முகங்கள், ஓரத்தில் வீரபத்திரரும் பிள்ளையாரும் என்றால் அவர்கள் சப்தமாதர்கள். பெரிய சிவன் கோயில் ஒன்று அந்த இடத்தில் இருந்து அழிந்திருக்கக்கூடும்.

வாளோ வில்லோ ஏந்திப் பாயும் ஆண் உருவம், உடம்பில் அம்புகள், பக்கத்தில் மாடுகள் என்றால் நடுகல். செங்கம், திருப்பத்தூர், ஜவ்வாது மலை அடிவாரத்தில் இந்த வீரன் வேடியப்பனாகப் பூசை வாங்குகிறான். மேலே எழுத்து இருக்கிறதா என்று பாருங்கள். செங்கம் நடுகற்களில் பல்லவர் காலத்து வட்டெழுத்து உண்டு. மொழி தமிழ்தான், ஆனால் பழகாத கண்ணுக்கு எழுத்து பிடிபடாது. எழுத்துள்ள பக்கத்தைச் சிமெண்டிலோ டைல்ஸிலோ புதைத்துவிடாமல் படம் எடுத்துத் தொல்லியல் துறைக்கு அனுப்புங்கள். வளையல் அணிந்த ஒரு கை மட்டும் மடங்கி உயர்ந்து நிற்கும் கல், கணவனோடு உயிர் விட்ட பெண்ணுக்கு எடுத்தது.

எருமைத் தலைமேல் நிற்கும் பல கைகள் கொண்ட தேவி, பின்னால் கலைமான், காலடியில் தன் கழுத்தில் கத்தி வைக்கும் வீரன்: கொற்றவை. பெரிய வயிறோடு காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்த தேவி, ஒரு பக்கம் மாட்டு முகத்து மகன், மறுபக்கம் மகள், மேலே காக்கைக் கொடி: தவ்வை. மூதேவி என்று யாராவது சொன்னால் கலங்க வேண்டாம். பல்லவரும் சோழரும் கோயிலுக்குள் வைத்துக் கும்பிட்ட தாய் அவள். பிள்ளை வரத்துக்கும் விளைச்சலுக்கும் வேண்டிக்கொள்ளப்பட்டவள்.

வானத்தைத் தொடுவதுபோல் சுதையில் உட்கார்ந்திருக்கும் முனிகள், கையில் பெரிய வாள், உள்ளே பச்சை நிறத்து அம்மன், பக்கத்தில் மன்னார்சாமி என்றால் பச்சையம்மன் கோயில். வாழ்முனி, செம்முனி, சடாமுனி என்று ஒவ்வொருவருக்கும் பெயர் உண்டு. "ஏதோ ஒரு முனி" என்று மட்டும் வீட்டில் நினைவிருந்தால் வாழைப்பந்தல், முனுகப்பட்டு இரண்டு பச்சையம்மன் கோயில்களிலும் விசாரித்துப் பாருங்கள். பாவாடைராயன் நின்றால் அருகே அங்காளம்மன் இருப்பாள். போத்துராஜா நின்றால் உள்ளே திரௌபதி. ஊரார் அதைத் தருமராஜா கோயில் என்பார்கள். அது பெரும்பாலும் ஊர்ப் பொதுக் கோயில்.

ஆடையும் அணியும் இல்லாமல் தவத்தில் அமர்ந்த உருவம், தலைக்கு மேல் மூன்று குடை, இருபுறமும் சாமரம் வீசுபவர்கள்: அது சமணத் தீர்த்தங்கரர். ஊரில் முனி என்றோ புத்தர் என்றோ பெயர் இருக்கும். வடஆர்க்காடு சமணம் தழைத்த பூமி. ஆரணி, வந்தவாசிப் பக்கம் தமிழ்ச் சமணக் குடும்பங்கள் இன்றும் வாழ்கின்றன. வள்ளிமலைப் பாறைச் சிற்பங்களையும், விளாப்பாக்கம் பஞ்சபாண்டவர் மலையில் பல்லவன் நந்திவர்மன் காலக் கல்வெட்டோடு உள்ள பொன்னியக்கியார் என்ற சமணப் பெண் தெய்வத்தின் உருவத்தையும், போளூர் அருகே திருமலையில் சுமார் 16 அடி உயர நேமிநாதரையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள், கண் பழகிவிடும். இந்த உருவத்தின் முன் உயிர்ப்பலி கூடவே கூடாது.

வெறும் சூலம் கோடாகப் பொறித்த கல், சக்கரம் பொறித்த கல், முக்குடை பொறித்த கல் இவை சாமிக் கற்கள் அல்லாமல் எல்லைக் கற்களாக இருக்கலாம். சிவன் கோயில் நிலத்துக்குச் சூலக்கல், பெருமாள் கோயில் நிலத்துக்குத் திருவாழிக்கல், சமணப் பள்ளி நிலத்துக்கு முக்குடைக்கல் நடுவார்கள். இரண்டு நாகம் பின்னிய கல் அரச மரத்தடியில் இருந்தால், பிள்ளை வரம் வேண்டி யாரோ வைத்தது.

உருவமே இல்லாமல் ஒரு செங்கல், ஒரு சூலம், மஞ்சள் துணி கட்டிய மரம் மட்டும் இருந்தால் மனம் சோர வேண்டாம். நம் குலதெய்வங்களில் பலவற்றுக்கு அதுவே உரு. அதேபோல், ஆய்வாளர் ஒருவர் "இது தவ்வை" என்று சொன்னதற்காக உங்கள் பாட்டன்மார் அழைத்த பெயரை மாற்றாதீர்கள். கல் எப்போது, யாரால் செதுக்கப்பட்டது என்பதை அவர் சொல்லட்டும். அவள் உங்கள் வீட்டுக்கு யார் என்பதைச் சொல்ல வேண்டியவர்கள் பங்காளிகள்.

7. உறுதி செய்வது

பங்காளிகள் சொல்லும் கதையும், அத்தை சொன்ன அடையாளமும், காகிதத்தில் இருக்கும் கிராமமும் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும். இரண்டு பொருந்தினால் நல்ல அறிகுறி, மூன்றும் பொருந்தினால் தயங்க வேண்டாம்.

இன்னொரு சோதனை இருக்கிறது. பெரும்பாலான சமூகங்களில் ஒரே குலதெய்வத்தைக் கும்பிடுபவர்கள் பங்காளி முறை. தங்களுக்குள் பெண் கொடுத்து எடுப்பதில்லை. அந்தக் கோயிலைக் கும்பிடும் வகையறாவில் உங்கள் தாத்தாவோ அப்பாவோ பெண் எடுத்திருந்தால், நீங்கள் போய்ச் சேர்ந்தது மாமன் மச்சான் வீட்டுச் சாமியிடம். மறுபடி விசாரியுங்கள்.

தலைக்கட்டு வரி (குடும்பத்துக்கு இவ்வளவு என்று போடும் வரி) வசூலிக்கும் கோயிலென்றால் பழைய நோட்டைக் காட்டச் சொல்லுங்கள். தாத்தா பெயர் அதில் இருந்தால் அதற்கு மேல் சாட்சி வேண்டாம். பூ கேட்பதை இதற்கெல்லாம் பிறகு வையுங்கள். சிவப்பும் வெள்ளையும் பொட்டலமாகக் கட்டி, குழந்தையை எடுக்கச் சொல்லி உத்தரவு கேட்பது சாமியின் சம்மதத்துக்காக. விசாரிக்கும் வேலையைப் பூவிடம் விடக்கூடாது.

8. பணமும் சட்டமும்

முதல் வருகையிலேயே "கோபுரம் கட்டித் தருகிறோம்" என்று வாக்குக் கொடுக்காதீர்கள். பல தலைமுறை கழித்து வந்த நெகிழ்ச்சியில் வாயில் வந்துவிடும். பின்னால் பங்காளிகளுக்குள் சண்டையாக முடியும். விட்டுப்போன வருஷங்களுக்கு வரி கேட்டால் பெரியவர்களை வைத்துப் பேசி ஒரு தொகையாக முடித்து, ரசீது வாங்குங்கள்.

கல்லை இடம் மாற்றுவது, ஆசிட் ஊற்றிக் கழுவுவது, மணல் வீசித் தேய்ப்பது, பெயிண்ட் அடிப்பது எதுவும் வேண்டாம். பழைய சிலைகள் 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்துக்குள் வருகின்றன. அஸ்திவாரம் தோண்டும்போது சிலையோ செம்போ கிடைத்தால் 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி அரசுக்குத் தெரிவிக்க வேண்டும். கிராம நிர்வாக அலுவலரிடமோ வட்டாட்சியரிடமோ எழுத்தில் கொடுத்து நகல் வாங்குங்கள். கோயில் புறம்போக்கு நிலத்தில் இருந்தால் அனுமதி இல்லாமல் சுவர் எழுப்பாதீர்கள். காப்புக்காட்டுக்குள் இருந்தால் வனச்சரகரிடம் முன்கூட்டியே கேளுங்கள். கோடையில் அடுப்பு மூட்ட விடமாட்டார்கள், விடவும் கூடாது.

9. முதல் பொங்கல்

முதல் முறை எளிமையாகச் செய்யுங்கள். புதுப் பானை, பச்சரிசி, வெல்லம், தேங்காய், பழம், வெற்றிலை பாக்கு, எலுமிச்சை, மஞ்சள், குங்குமம், கற்பூரம், மாவிளக்குக்கு அரிசி மாவு, சாமிக்கு வஸ்திரம். இவ்வளவு போதும். அம்மனுக்குச் சேலை, முனிக்கும் வீரனுக்கும் வேட்டி துண்டு. நிறத்தைப் பூசாரியிடம் கேட்டு வாங்குங்கள். சில சாமிக்குக் கறுப்பு ஆகாது, சிலதுக்குப் பச்சைதான் வேண்டும். அம்மனுக்குச் சைவப் படையல் போட்டு, வெளியே காவல் தெய்வத்துக்கு மட்டும் அசைவம் படைத்து, நடுவில் திரை போடும் கோயில்களும் உண்டு. அதனால் கிடா வாங்குவதற்கு முன் கேளுங்கள். செலவை ஏற்றுவது கிடா, பம்பைக் குழு, வேன் வாடகை, ஊர்ச் சாப்பாடு இந்த நான்கும்தான். இவற்றை இரண்டாம் வருஷத்துக்கு வைத்துக்கொண்டால் கடன் வாங்காமல் முடியும்.

மொட்டையும் காதுகுத்தும் சேர்ந்திருந்தால், மொட்டை போடுபவரையும் காது குத்தும் ஆசாரியையும் ஊரிலேயே முன்னதாகச் சொல்லி வையுங்கள். தாய்மாமன் மடி வேண்டும். அவர் வரும் நாளைப் பார்த்துத்தான் தேதி குறிக்க வேண்டும். கொல்லைக் கோயில்களில் தண்ணீர் இருக்காது, கேனில் எடுத்துப் போங்கள். விறகும் அப்படியே. ஆடிக் கூட்டத்தில் பூசாரிக்கு உங்களோடு பேசக்கூட நேரம் இருக்காது. தையிலோ பங்குனியிலோ வைத்தால் நிதானமாக நடக்கும்.

கோயிலின் சர்வே எண், வரும் வழி, பூசாரியின் போன் எண், பங்காளி வீடுகளின் பட்டியல், படையல் முறை, விலக்குகள் எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதி, வீட்டுக்கு ஒரு நகல் கொடுங்கள். கட்டிக்கொடுத்த பெண்கள் வீட்டுக்கும் சேர்த்து. கிளம்பும் முன், அடுத்த திருவிழாவுக்குக் காப்பு கட்டும் தேதியை எப்போது முடிவு செய்வார்கள், அந்தக் கூட்டத்துக்கு உங்கள் வீட்டிலிருந்து யார் வர வேண்டும் என்பதைப் பூசாரியிடம் கேட்டு அதே நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். வரியை அந்தக் கூட்டத்திலேயே கட்டிவிட்டால் நோட்டில் உங்கள் பெயர் ஏறிவிடும்.